மலை ஏறும் உருளை... விதையை மீட்ட ஊர்கள்!

ஒரு வயலுக்கு ஒரு ரகம் என்பதுதான் இன்று பெரும்பாலான இடங்களில் உருளைக்கிழங்கு விவசாயம். ஆனால், ஒரே வயலில் இருபது, முப்பது ரகங்களைக் கலந்து நட்டு, அறுவடையின்போது கறுப்பு, சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று கலர் கலராகக் கிழங்கு தோண்டி எடுக்கும் உழவர்களும் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலையில் உள்ள பீசாக் வட்டாரத்து உழவர்கள்தான் அவர்கள். காணாமல் போன ரகங்களை விஞ்ஞானிகளிடமிருந்து திரும்பக் கேட்டு வாங்கிய சிறு விவசாயிகள் என்பது இவர்களுக்கு இன்னொரு பெருமை.

உருளைக்கிழங்குக்குத் தாய்வீடு ஆண்டீஸ் மலைதான். பெருவும் பொலிவியாவும் சேரும் டிடிகாகா ஏரிப் பகுதியில், சுமார் 7,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு காட்டுச் செடியாக இருந்ததை மக்கள் பயிராக்கினார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இன்று உலகம் முழுவதும் சாப்பிடும் உருளைக்கு மூலவிதை அங்கிருந்து போனதுதான்.

பள்ளத்தில் மக்காச்சோளம், மேட்டில் உருளை

இன்கா மன்னர்களின் தலைநகராக இருந்த குஸ்கோ நகரத்திலிருந்து வடகிழக்கே மலைப்பாதையில் இறங்கினால், வில்கனோட்டா ஆற்றங்கரையில் பீசாக் ஊர் வரும். அதுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,970 மீட்டர் உயரம். ஊருக்கு மேலே, இன்கா காலத்தில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள் இன்றும் நிற்கின்றன. ஆற்றங்கரைச் சமவெளியில் பெரிய மணி கொண்ட வெள்ளை மக்காச்சோளம் விளைகிறது. மேலே ஏற ஏறப் பயிர் மாறும். மக்காச்சோளம் முடிந்து கோதுமை, பார்லி, மொச்சை போன்ற அவரை இனங்கள், கீன்வா என்று வந்து, 3,400 மீட்டருக்கு மேல் உருளையின் ஆட்சி. அதற்கும் மேலே பயிர் கிடையாது. புல்வெளியில் லாமா, அல்பாகா, செம்மறி ஆடுகள் மேயும்.

ஒரே ஊருக்குள் இத்தனை உயரங்கள் இருப்பதால், ஒரு குடும்பத்துக்கு நிலம் ஒரே இடத்தில் இருக்காது. கீழே ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் அலைச்சலாகத் தெரியும். உழவருக்கு அதுதான் காப்பீடு. மேல் துண்டில் உறைபனி விழுந்தால் கீழ்த் துண்டு காப்பாற்றும். கீழே நோய் வந்தால் மேலே தப்பிக்கும்.

மேட்டில் வாழ்பவர்கள் கெச்சுவா மொழி பேசும் பழங்குடி மக்கள். இந்த மலைப்பகுதியின் நிலம் வெகுகாலம் பெரும் பண்ணையார்களின் கையில் இருந்தது. 1969 ஜூன் 24 அன்று பெரு அரசு கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பண்ணைகள் பிரிக்கப்பட்டு, நிலம் ஊர்ச் சமூகங்களின் பெயருக்கு வந்தது. இன்றும் நிலம் ஊருக்குப் பொது. உழுது பயிரிடும் உரிமை குடும்பத்துக்கு.

இத்தனை ரகம் எதற்கு?

ஒரு ரகம் உறைபனி தாங்கும். ஒன்று வறட்சி தாங்கும். ஒன்று நோய் தாங்கும். ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று ருசிக்கு. ஒன்று ஆண்டுக்கணக்கில் காயவைத்துச் சேமிக்க. வரப்போகும் பருவம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கலந்து நட்டால், எந்தப் பருவம் வந்தாலும் அடுப்பில் வைக்க ஏதாவது ஒரு கிழங்கு கிடைக்கும். எந்த ஒரு ரகமும் உச்ச விளைச்சல் கொடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. எல்லாமே ஒன்றாகப் போய்விடக்கூடாது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. ஆண்டீஸிலிருந்து ஐரோப்பா போன உருளையில், அயர்லாந்தின் ஏழை விவசாயிகள் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். 1845-ல் பின்பருவ இலைக்கருகல் நோய் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயிர் அழுகியது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் ஊரைவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

நிலத்துக்கும் ஓய்வு வேண்டும்

பீசாக் மேட்டு ஊர்களில் உருளை நடும் நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த முறைக்கு 'லைமி' என்று பெயர். இந்த ஆண்டு எந்தப் பகுதியில் உருளை என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். முதல் ஆண்டு உருளை. அடுத்த ஆண்டு ஓகா, உல்யூகோ, மஷுவா போன்ற மலைக்கிழங்குகள். பிறகு அவரை இனமோ பார்லியோ. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தரிசு. அந்தத் தரிசில் ஊர் ஆடு, லாமா எல்லாம் மேயும். சாணம் மண்ணில் சேரும். திரும்பவும் உருளை வரும்போது மண் தெளிந்திருக்கும்.

இதில் நோய் மேலாண்மையும் அடங்கியிருக்கிறது. உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவின் பிறப்பிடமும் ஆண்டீஸ்தான். இந்தப் புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் பாதுகாப்பாக, உணவில்லாமல் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். உருளை வேர் பக்கத்தில் வந்தால்தான் பொரிக்கும். ஆண்டுதோறும் அதே வயலில் உருளை நட்டால் புழு பெருகும். பல ஆண்டுகள் உருளையே இல்லாமல் விட்டால் குறையும். ஆண்டீஸ் உழவர்கள் நுண்ணோக்கி இல்லாமலேயே இந்த இடைவெளியைக் கடைப்பிடித்தார்கள்.

நம் நீலகிரி விவசாயிகளுக்கு இந்தப் புழு புதிதல்ல. ஆண்டீஸிலிருந்து கிழங்கோடும் மண்ணோடும் உலகம் சுற்றிய இது, 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன்பிறகு நீலகிரிக்காக உருவாக்கிய 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகத்தில் இந்தப் புழுவைத் தாங்கும் குணம் சேர்க்கப்பட்டது. அந்தக் குணத்தைக் கொடுத்ததும் ஆண்டீஸ் மலையின் காட்டு உருளைதான். நோயும் அங்கிருந்தே வந்தது. மருந்தும் அங்கிருந்தே வந்தது. மூலரகங்கள் பிறந்த இடத்தில் அழியாமல் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கூலிக்குப் பதில் கைமாற்று

சரிவான வயலில் மாடு கட்டி உழ முடியாது. அங்கே பயன்படுவது 'சாக்கி தக்லா' என்ற கால் கலப்பை. ஆள் உயர மரக்கம்பு, அடியில் இரும்புக் கொழு, மிதிப்பதற்கு ஒரு குறுக்குக் கட்டை. இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே தாளத்தில் மிதித்து மண்ணைப் பிளப்பார்கள். எதிரே நிற்கும் பெண் அந்த மண்கட்டியைக் கையால் புரட்டிப் போடுவாள். மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒரு ஏர்.

இந்த ஆட்களுக்குக் கூலி கிடையாது. இன்று என் வயலில் நீ ஒரு நாள் வேலை செய்தால், நாளை உன் வயலில் நான் ஒரு நாள் செய்ய வேண்டும். இதற்கு 'ஐனி' என்று பெயர். நடவு, அறுவடை மட்டுமல்ல, வீடு கட்டுவது, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் இந்த முறை உண்டு. வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடும், மக்காச்சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்கவைத்த 'சிச்சா' என்ற பானமும் கொடுப்பார். குடிப்பதற்கு முன் முதல் சொட்டை மண்ணில் ஊற்றுவார்கள். அது 'பச்சமாமா' எனும் பூமித்தாய்க்கு. ஆகஸ்ட் மாதம் விதைப்புக்கு முன்னால், கோகோ இலைகள், தானியங்கள், லாமாக் கொழுப்பு ஆகியவற்றை வைத்துப் பூமித்தாய்க்குப் படையல் போடுவதும் வழக்கம். சுற்றியுள்ள மலைச்சிகரங்களையும் காவல் தெய்வங்களாக வணங்குகிறார்கள். இங்கே கோகோ என்றால் சாக்லெட் செய்யும் கோக்கோ அல்ல. களைப்பும் பசியும் தெரியாமல் இருக்க மலைவாசிகள் மெல்லும் ஓர் இலை.

நடவுக்கு நாள் பார்ப்பதும் உண்டு. நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டத்துக்குக் கெச்சுவா மொழியில் 'கொல்கா', அதாவது களஞ்சியம் என்று பெயர். ஜூன் மாதக் கடைசியில், விடியற்காலை வானத்தில் அது பளிச்சென்று தெரிந்தால் மழை நன்றாக வரும் என்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதிக்கும் என்று நடவைத் தள்ளிப்போடுவார்கள். 2000-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, அதில் உண்மை இருப்பதாக 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார்கள். எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தில் மெல்லிய மேகம் கூடுதலாகப் படர்வதால் அந்த விண்மீன்கள் மங்கித் தெரிகின்றன. அதே எல் நினோதான் அந்த மலைப்பகுதியில் மழையையும் குறைக்கிறது.

மருமகளை அழவைக்கும் கிழங்கு

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பூமாவின் பாதம்போல இருப்பதற்கு 'பூமா மாக்கி' என்று பெயர். பெயர்களில் புகழ்பெற்றது 'கச்சுன் வகாச்சி'. மருமகளை அழவைப்பது என்று பொருள். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும் இந்தக் கிழங்கைப் புதுப்பெண் கையில் கொடுத்து, சதை வீணாகாமல் மெல்லிசாகத் தோல் சீவச் சொல்வாராம் மாமியார். பெண் சீவும் பக்குவத்தில் அவள் குடும்பம் நடத்தும் பக்குவம் தெரிந்துவிடும் என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மே, ஜூன் மாதங்களில் அறுவடை. தோண்டிய வயலிலேயே மண்கட்டிகளை அடுக்கிச் சிறு அடுப்பு கட்டி, உள்ளே நெருப்பு மூட்டி, கட்டிகள் பழுக்கக் காய்ந்ததும் கிழங்குகளைப் போட்டு, அடுப்பையே இடித்து மூடிவிடுவார்கள். சிறிது நேரம் கழித்துத் தோண்டினால், மண்வாசத்தோடு சுட்ட கிழங்கு தயார்.

மதிப்புக் கூட்டுதலிலும் இவர்கள் முன்னோடிகள். ஜூன், ஜூலை மாதங்களில் இரவில் கடும் உறைபனி; பகலில் சுள்ளென்ற வெயில். சிறிய கிழங்குகளையும், அப்படியே சாப்பிட முடியாத கசப்பு ரகங்களையும் இரவில் புல்தரையில் பரப்பிவிடுகிறார்கள். கிழங்கு உறைந்துவிடும். பகலில் இளகியதும் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிவார்கள். சில நாட்கள் இப்படிச் செய்து வெயிலில் காயவைத்தால் 'சுன்யோ' என்ற கறுப்பு வற்றல் கிடைக்கும். ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டுக் காயவைத்தால் 'மொராயா' என்ற வெள்ளை வற்றல். கசப்பும் நஞ்சும் தண்ணீரோடு போய்விடும். ஏறக்குறைய ஐந்து கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ வற்றல். ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. செலவில்லாத குளிர்பதனக் கிடங்கு அது.

போன விதை திரும்பி வந்தது

இவ்வளவு இருந்தும், இருபதாம் நூற்றாண்டில் ரகங்கள் ஒவ்வொன்றாக வயலைவிட்டுப் போயின. சந்தையில் ஒரே அளவு, ஒரே நிறக் கிழங்குக்குத்தான் விலை. அதிக விளைச்சல் ரகங்கள் வந்தன. இளைஞர்கள் குஸ்கோவுக்கும் லிமாவுக்கும் வேலை தேடிப் போனார்கள்.

அதே காலத்தில், 1971-ல் பெருவின் தலைநகர் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் தொடங்கப்பட்டது. ஆண்டீஸ் முழுவதும் உழவர்களின் வயல்களிலிருந்து ரகங்களைத் திரட்டி, 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களைத் தன் விதை வங்கியில் வைத்திருக்கிறது.

பீசாக் மேட்டில் சகாகா, சவாய்த்திரே, பம்பல்யாக்தா, பாரு பாரு, அமாரு, குயோ கிராண்டே என்ற ஆறு ஊர்கள், 'ஆண்டீஸ்' என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஒன்றுசேர்ந்தன. தனித்தனி ஊர் எல்லையை வைத்துக்கொண்டே, 9,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்ற பெயரில் சேர்ந்து நிர்வகிக்க முடிவு செய்தன. பூங்கா என்றால் வேலி போட்டு மனிதரை வெளியேற்றும் காப்பகம் அல்ல. மக்கள் அங்கேயே குடியிருந்து, உழுது, விதை காக்கும் இடம்.

2004-ல் இந்த ஊர்கள் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி சுமார் 400 நாட்டு ரகங்கள் வயலுக்குத் திரும்பின. ஆய்வகத்தில் வைரஸ் நீக்கி, சுத்தமான நடவுப்பொருளாக அவை கொடுக்கப்பட்டன. கிழங்கையே திரும்பத் திரும்ப விதையாக நடும்போது வைரஸ் சேர்ந்து விளைச்சல் குறைவது உருளையின் பெரிய பிரச்னை. அதனால், பழைய ரகம் சுத்தமான விதையாக வந்தது உழவர்களுக்கு இரட்டை லாபம். ஊரார் தங்கள் அனுபவ அறிவை ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். இந்த ரகங்களை யாரும் தன் அறிவுச்சொத்தாகப் பதிவு செய்து உரிமை கொண்டாடக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி.

இன்று பூங்காவின் வயல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. ரகங்களைக் கவனிக்க 'பாப்பா அராரிவா', அதாவது உருளைக் காவலர்கள் என்ற பெயரில் உள்ளூர் உழவர்களே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பெண்கள் குழுக்கள் சமையல், மூலிகை, இயற்கைச் சாயத் துணி நெசவு என்று தொழில் செய்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியில் வளரும் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புதான் அந்தத் துணிகளுக்கு அழகு. வருமானத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகிறது.

மலைக்கும் உச்சி உண்டு

இப்போது வந்திருப்பது வேறு வகைச் சோதனை. வெப்பம் கூடுகிறது. முன்பு குளிருக்குப் பயந்து கீழேயே இருந்த இலைக்கருகல் நோயும், கிழங்கைத் துளைக்கும் ஆண்டீஸ் கூன்வண்டும் மேலே ஏறி வருகின்றன. நாட்டு உருளைக்குக் குளிர் வேண்டும். அதனால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நட்ட இடத்தைவிடச் சுமார் 200 மீட்டர் உயரே போய் நடுகிறார்கள். மேலே போகப் போக நிலம் குறுகும், மண் ஆழம் குறையும். அதற்கு மேலே பாறைதான். இன்னும் எத்தனை தலைமுறை ஏற முடியும் என்பது அந்த ஊர்களின் கவலை.

கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வெவ்வேறு உயரங்களில் ரகங்களை நட்டு, எது எங்கே தாங்குகிறது என்று விஞ்ஞானிகளோடு சேர்ந்து பரிசோதிக்கிறார்கள். 2015-ல், நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவில் உறைமண்ணுக்குள் இருக்கும் உலக விதைப் பெட்டகத்துக்குத் தங்கள் ரகங்களின் விதைகளை அனுப்பினார்கள். கிழங்கு அங்கே போகாது. உருளைச் செடி பூத்துக் காய்க்கும் பச்சைக் காய்க்குள் இருக்கும் சிறு விதைகள்தான் போயின. வயலில் ஒரு பிரதி, லிமாவில் ஒரு பிரதி, உலகத்தின் மறுகோடியில் ஒரு பிரதி என்று முன்னோர் சொத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

படிப்பவர்களுக்கு எழும் கேள்விகள்

இந்த ரகங்களை வாங்கி நம் ஊரில் நடலாமா?

கூடாது. வெளிநாட்டிலிருந்து தனியாகக் கிழங்கு கொண்டுவருவது தாவரத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நூற்புழு வந்ததே இப்படிக் கிழங்கோடும் மண்ணோடும்தான். மேலும், அந்த ரகங்களில் பெரும்பாலானவை குறுகிய பகலும் குளிரும் உள்ள உயர்மலைக்குப் பழகியவை. சமவெளியில் கிழங்கு பிடிக்காது.

ரகம் கலந்து நட்டால் வியாபாரி வாங்குவாரா?

பெரும்பாலும் வாங்க மாட்டார். பீசாக் உழவர்களும் கலப்பு வயலை வீட்டுச் சாப்பாட்டுக்கும் பண்டமாற்றுக்கும்தான் வைத்திருக்கிறார்கள். சந்தைக்கு 'யுங்காய்', 'கன்சான்' போன்ற மேம்படுத்திய ரகங்களைத் தனி வயலில் நடுகிறார்கள். விற்பதற்கு ஒரு வயல், விதைக்கும் வயிற்றுக்கும் ஒரு வயல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

விதைக்கிழங்கை எப்படிக் காக்கிறார்கள்?

சாப்பாட்டுக் கிழங்கை இருட்டான, காற்றோட்டமான அறையில் வைக்கோல் பரப்பி வைக்கிறார்கள். இடையிடையே 'முன்யா' என்ற மலைப் புதினா வகைச் செடியை அடுக்குகிறார்கள். அதன் வாசம் பூச்சியை விரட்டும், முளைப்பையும் தாமதப்படுத்தும். விதைக்கிழங்கை நேர் வெயில் படாத, வெளிச்சம் பரவலாக விழும் தட்டுகளில் வைத்தால் முளை நீளாமல் குட்டையாக, பச்சையாக, உறுதியாக வரும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கை விதைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், சமைக்கக் கூடாது.

சிறு விவசாயி விஞ்ஞானிகளிடம் பேரம் பேச முடியுமா?

ஒரு குடும்பமாகப் போயிருந்தால் முடிந்திருக்காது. ஆறு ஊர்களும் ஒன்றாகப் போனதால், பயனாளியாக நிற்காமல் பங்காளியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கையில் ரகங்களும், எந்த ரகம் எங்கே விளையும் என்ற அறிவும் இருந்தன. பேரம் பேச அதுவே அவர்களுக்குப் போதுமான முதலாக இருந்தது.